தூண்டிலில் பிடித்த மீனை உயிருடன் விடுதல்: சிறுவர்களுக்குக் கற்பித்தல்

பிடித்து விடுதல் என்பது தூண்டிலில் சிக்கிய மீனை உணவுக்கு எடுத்துக்கொள்ளாமல், முள்ளைக் கழற்றி அதே நீரில் உயிருடன் விட்டுவிடும் முறையாகும். காவிரிப் பாசனப் பகுதியான தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சிறுவர்கள் வாய்க்காலிலும் குளத்திலும் தூண்டில் போடுவது பழைய வழக்கம். அவர்களிடம் சிக்குபவற்றில் பல, குழம்புக்கு உதவாத விரல் நீள மீன்கள். இவை கரையில் கிடந்து சாகின்றன. அல்லது விளையாட்டு முடிந்ததும் நீரில் வீசப்பட்டு, சிறிது நேரம் கழித்து யாரும் பார்க்காதபோது சாகின்றன. நீந்திச் செல்லும் மீன் எல்லாம் பிழைத்த மீன் அல்ல. எனவே மீனை விட வேண்டும் என்று சொல்வதோடு நில்லாமல், அது பிழைக்கும்படி விடுவது எப்படி என்பதையும் சிறுவர்களுக்குக் கற்பிக்க வேண்டியுள்ளது.

வரலாறு

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர் மீனை மீண்டும் நீரில் விடும் பழக்கம் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் வளர்ந்தது. அமெரிக்காவில் லீ வுல்ஃப் என்பவர் 1939இல் வெளியிட்ட நன்னீர் மீன்பிடி நூலில் இதை வலியுறுத்தினார். மிச்சிகன் மாநிலம் 1952இல் சில ஓடைகளில் இதை விதியாக்கியது. பண்ணையில் வளர்த்த மீன்களை ஆண்டுதோறும் ஓடைகளில் விடுவதற்கு ஆகும் செலவைக் குறைப்பதும் அதன் நோக்கமாக இருந்தது.

தமிழ்நாட்டில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய விரிவான பழைய பதிவுகள் சென்னை மாகாணக் குடிமைப் பணி அலுவலர் ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதியவை. இவருடைய 1873ஆம் ஆண்டு நூல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றியது. 1887ஆம் ஆண்டு நூல் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியது.

பிடித்து விடும் முறை காவிரியில் முறையாக நடந்தது கர்நாடகப் பகுதியில்தான். பீமேசுவரி, கலிபோர் ஆகிய ஆற்றங்கரை முகாம்களில், மாசீர் எனப்படும் பெருங்கெண்டைகளைப் பிடித்து, எடை பார்த்து, மீண்டும் ஆற்றில் விட்டனர். 1972இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வன உயிரினச் சங்கமும் ஆற்றின் ஒரு பகுதியைக் காவல் காத்து இம்முறையைப் பின்பற்றியது. காவிரியின் கிளையாறான கபினியில் 1946இல் பிடிபட்ட மாசீர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை கொண்டது. தூண்டிலில் பிடிபட்ட மாசீர்களில் இதுவே மிகப் பெரியதாகக் கூறப்படுகிறது.

1998 முதல் 2012 வரை கலிபோரில் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த கணக்கை ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தனர். மொத்தத்தில் மாசீர்கள் கூடியிருந்தன. ஆனால் கூடியவை வெளியிலிருந்து கொண்டுவந்து ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர்கள். காவிரிக்கே உரிய திமில் மாசீர் குறைந்துகொண்டே வந்திருந்தது. இந்த மீன் டோர் ரெமாதேவி என்னும் இனமே என்று 2018இல் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்தது. மீனைக் கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது, எந்த மீனை எந்த நீரில் விடுகிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு இது சான்றாகும்.

டெல்டாவில் சிறுவர் தூண்டில்

டெல்டாவின் மீன்பிடிப்பு நீர்வரத்தைப் பொறுத்தது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. திறந்த நீர் கல்லணையை அடைந்து காவிரி, வெண்ணாறு, மக்கள் புது ஆறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாய் ஆகியவற்றின் வழியே பிரிந்து, கிளை வாய்க்கால்களுக்கும் வயல்களுக்கும் செல்கிறது. நீரோடு மீனும் வயல் வரை வருகிறது. ஆறு அடைத்தபின் நீர் குட்டைகளாகச் சுருங்கும். அப்போது சிறுவர்கள் கையாலும் துணியாலும்கூட மீன் பிடிப்பார்கள்.

சிறுவர் தூண்டிலுக்கு வேண்டியவை எளியவை: மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு முள், சிறு ஈயக்குண்டு, தக்கை. தக்கைக்கு நெட்டித் துண்டோ பழைய ரப்பர் செருப்பின் துண்டோ போதும். இரைக்கு மண்புழு, மாவு உருண்டை அல்லது சோறு. கெண்டைப்பொடி, கெளுத்தி, குறவை, விரால், பனையேறிக்கெண்டை, தேளி, ஜிலேபிக்கெண்டை ஆகியவை பொதுவாகச் சிக்கும் மீன்கள்.

மீன் ஏன் இறக்கிறது

மூச்சுத் திணறல்: மீனின் செவுள் மெல்லிய இதழ்களால் ஆனது. நீருக்குள் இவ்விதழ்கள் விரிந்து நின்று ஆக்சிசனை எடுத்துக்கொள்கின்றன. காற்றில் அவை சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மீனால் மூச்சுவிட முடிவதில்லை. கனடாவில் 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், களைக்கும் வரை விரட்டப்பட்ட டிரவுட் மீன்களில் காற்றில் எடுக்கப்படாதவற்றுள் 12 விழுக்காடு இறந்தன. 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் 38 விழுக்காடும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றுள் 72 விழுக்காடும் இறந்தன. டிரவுட் குளிர்நீர் மீன் என்பதால் இந்த எண்களை அப்படியே கெண்டைக்குப் பொருத்த முடியாது. ஆயினும் ஒவ்வொரு விநாடிக்கும் விலை உண்டு என்பது இரண்டுக்கும் பொது.

இங்கே டெல்டாச் சிறுவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. விரால், குறவை, பனையேறி, தேளி ஆகியவற்றுக்குக் காற்றைச் சுவாசிக்கும் துணை உறுப்பு உள்ளது. பானையில் வைத்த விரால் பல மணி நேரம் உயிருடன் இருப்பதைப் பார்த்து வளர்ந்த சிறுவன், கெண்டையும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடுகிறான். கெண்டைக்கு அந்த உறுப்பு இல்லை.

வழவழப்பு நீங்குதல்: மீனின் உடலை மூடியுள்ள வழவழப்பான பூச்சு, பூஞ்சையும் நுண்கிருமிகளும் அண்டாமல் காக்கிறது. உலர்ந்த கை, சுடுமணல், துண்டு, சிமெண்டுத் தரை ஆகியவை அதைத் துடைத்து எடுத்துவிடும். மீன் அன்றே சாகாவிட்டாலும் சில நாட்களில் நோயுற்றுச் சாகலாம். காற்றைச் சுவாசிக்கும் விராலுக்கும் இது பொருந்தும்.

முள்ளின் இடம்: உதட்டில் குத்திய முள்ளால் பெரும்பாலும் கேடு குறைவு. தொண்டையிலோ செவுளிலோ குத்தினால் இரத்தப்போக்கால் மீன் இறக்கும். மீன் பிழைப்பதை முடிவு செய்யும் காரணங்களுள் இதுவே முதன்மையானது.

வெப்பம்: 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிசன் கரைந்திருக்க முடியும், 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். கோடை நண்பகலில் சுருங்கிய குட்டையில் போராடிக் களைத்த மீன் எளிதில் தேறுவதில்லை.

கற்பிக்கும் முறை

நீருக்குப் போகும் முன்பே முதல் பாடத்தைத் தொடங்கலாம். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே, பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள் உண்டு. குறடால் அழுத்தி அதைப் படிய வைக்க வேண்டும். அழுத்தாத முள் ஒன்றையும் அழுத்திய முள் ஒன்றையும் வாழைத்தண்டில் குத்தி, சிறுவர்களையே பிடுங்கச் சொன்னால், ஒன்று நாரைக் கிழித்துக்கொண்டு வருவதையும் மற்றொன்று வழுக்கிக்கொண்டு வருவதையும் அவர்கள் கையாலேயே உணர்வார்கள். மீனின் வாய்க்குள் நடப்பதும் அதுவே.

இரண்டாவது பாடம், தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது. கழியைக் கரையில் ஊன்றிவிட்டு விளையாடப் போனால் மீன் இரையை விழுங்கிவிடும். முள் தொண்டைக்குப் போய்விடும். தக்கை இழுபட்டவுடன் தூக்கினால் முள் பெரும்பாலும் உதட்டில் நிற்கும். சிறுவனின் கவனக்குறைவுக்கு மீன் விலை கொடுக்கிறது என்பதை இங்கே நேராகச் சொல்லிவிடலாம். ஆளுக்கு ஒரு தூண்டில் போதும்.

மூன்றாவது பாடம் மூச்சு. மீன் நீரைவிட்டு வெளியே வந்த கணத்தில் சிறுவனும் தன் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அவனுக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டும். அதற்குள் மீன் நீருக்குள் இருக்க வேண்டும். கடிகாரம் தேவையில்லாத இந்த அளவு சிறுவர்களுக்கு மறக்காது. அகலமான வாளி ஒன்றில் அந்த வாய்க்கால் நீரையே நிரப்பி, நிழலில் வைத்துக்கொண்டு, மீனை அதற்குள் வைத்து முள்ளைக் கழற்றுவது இன்னும் நல்லது.

கைகளை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். மீனை வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்க வேண்டும். செவுளுக்குள் விரல் விடுவது, நரம்பிலேயே தொங்கவிட்டுக் காட்டுவது, வயிற்றை இறுக்குவது, படம் எடுப்பதற்காக நீட்டிப் பிடிப்பது ஆகியவை கூடாது. முள் குத்திய வழியிலேயே அதைத் திருப்பி எடுக்க வேண்டும். முள் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருந்தால் இழுக்காமல், வாயருகே நரம்பை வெட்டிவிட்டு விடுவதே மேல். விழுங்கிய முள்ளைப் பிடுங்கிய மீன்களைவிட, நரம்பு வெட்டி விடப்பட்டவை அதிகமாகப் பிழைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வெட்டிய நரம்புத் துண்டைக் கரையில் போடக் கூடாது. கொக்கு, நாரைகளின் கால்களில் அது சிக்கும்.

விடும்போது வீசக் கூடாது. மீனை நீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, தலை நீரோட்டத்தை நோக்கி இருக்கும்படி வைத்திருக்க வேண்டும். செவுள் மூடி சீராக அசையத் தொடங்கியதும் மீன் தானே கையை விட்டுப் போகும். பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும் மீன் இன்னும் தேறவில்லை. இரத்தம் வடியும் மீன் பெரும்பாலும் பிழைக்காது; உண்ணத்தக்கதாயின் அதை வீணாக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்வதே நேர்மை.

பிடிக்கவே கூடாத மீன்

மழைக்காலத்தில் குளத்தின் மேற்பரப்பில் சிவந்த நிறத்தில் சிறு குஞ்சுகள் கூட்டமாகப் புரள்வதைக் காணலாம். அவை விரால் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே தாய் தந்தை மீன்கள் காவல் நிற்கும். கூட்டத்தின் அருகே எது விழுந்தாலும் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும். அதனால் அப்போது விராலைப் பிடிப்பது மிக எளிது. சிறுவர்களுக்கு அது பெரிய ஆசையும்கூட. ஆனால் காவல் மீன் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். பிடித்து விட்டாலும், அது இல்லாத அந்த நேரமே குஞ்சுகளுக்கு ஆபத்து. குஞ்சுக் கூட்டம் தென்பட்டால் அந்த இடத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்வது, பிடித்து விடுதலிலும் மேலான பாடமாகும்.

மீண்டும் விடக் கூடாத மீன்

எல்லா மீனையும் விடுவது நல்லதன்று. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக்கெண்டை நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்து எங்கும் பரவியுள்ளது. அதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும், மீன்தொட்டிகளிலிருந்து தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்குத் தப்பிய சக்கர் எனப்படும் உறிஞ்சு மீனையும் மீண்டும் நீரில் விடக் கூடாது. ஒரு குளத்து மீனை வேறு குளத்தில் விடுவதும், வீட்டுத் தொட்டி மீனை வாய்க்காலில் விடுவதும் தவிர்க்கப்பட வேண்டும். காவிரி மாசீருக்கு நேர்ந்ததைச் சிறிய அளவில் இங்கும் செய்துவிடலாகாது.

சிறுவர்களின் பாதுகாப்பு

மீனைவிட முதலில் காக்கப்பட வேண்டியவர்கள் சிறுவர்கள். ஆற்றில் புதுநீர் வரும் நாட்களிலும், மதகு, கலிங்கு, மணல் எடுத்த பள்ளம் ஆகியவற்றின் அருகிலும் தூண்டில் போட விடக் கூடாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

தேளியின் பக்கத் துடுப்பு முள் நச்சு உடையது. குத்தினால் கடும் வலி உண்டாகும். குத்திய இடத்தைத் தோல் வேகாத, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்திருந்தால் வலி குறையும். பின்னர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தூண்டில் முள் விரலில் ஆழமாக ஏறினால் பிடுங்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஏலம் எடுத்த குளமாயின் எடுத்தவரின் அனுமதி தேவை.

எதிர்க் கருத்து

உண்பதற்கு அல்லாமல் விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டுவது சரியா என்ற கேள்வி உண்டு. மீன்களின் வாயைச் சுற்றித் துன்பத் தூண்டலை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. விட்டுவிடும் நோக்கத்துடன் மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து விலங்குப் பாதுகாப்பு விதிகளால் தடுத்துள்ளது. செர்மனியிலும் இது விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானதாகக் கருதப்படுகிறது.

டெல்டாவின் வழக்கம் இவ்விரு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறது. இங்கே சிறுவர்கள் தூண்டில் போடுவது முதலில் குழம்புக்காக. தேவையான அளவு பிடித்ததும் நிறுத்துவது, சிறியதையும் சினையுள்ளதையும் சேதமின்றி விடுவது, காவல் நிற்கும் விராலைத் தொடாமல் இருப்பது ஆகிய மூன்றையும் பழகிய சிறுவனுக்கு, அடுத்த ஆண்டு ஆறு திறக்கும்போதும் அந்த வாய்க்காலில் மீன் இருக்கும்.