ஸ்காட்டிஷ் ஏலில் புகை இருந்தால் மார்க் போச்சு

ஸ்காட்லாந்து என்றாலே விஸ்கியின் அந்தப் புகை வாசனைதான் நமக்கு ஞாபகம் வரும். அதை எதிர்பார்த்து அந்த ஊர் ஆம்பர் ஏலைக் குடித்தால், 'என்ன, சப்புன்னு இருக்கே' என்று தோன்றலாம். ஆனா புகை இருந்தாத்தான் தப்பு. பியர் போட்டி நடுவர்கள் பின்பற்றும் பிஜேசிபி விதிமுறை, இந்த ரகத்துக்குப் புகை பொருந்தாதுன்னே சொல்லுது. பியர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் ஸ்பெக்கில் இல்லாத ஃபீச்சர், பக் தான்!

மொத்தம் 50 மார்க்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் கனம் 5, ஒட்டுமொத்த அபிப்பிராயம் 10. அந்த அழகான செம்பு நிறத்துக்குப் பெரிசா ஒண்ணும் தேறாது.

ஊற்றியதும் முதலில் மோந்து பாருங்க. ரொம்ப ஜில்லுன்னு இருந்தா மணம் அமுங்கிடும், 10-12 டிகிரி சரியா இருக்கும். டோஸ்ட் செய்த பிரெட், டாஃபி என்று மால்ட்தான் முன்னால் நிற்கணும். ஹாப்ஸ் கசப்பு, இனிப்பு திகட்டாத அளவுக்கு இருந்தால் போதும். வெண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தால் அது டைஅசிட்டைல். ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே பியரை இறக்கிட்டாங்களோன்னு சந்தேகப்படலாம்.

லேபிளில் 60, 70, 80 ஷில்லிங் என்று இருக்கும். 19ஆம் நூற்றாண்டுப் பீப்பாய் விலையில் இருந்து வந்த பெயர்கள். இப்போ அது வீரியத்தின் அடையாளம்: 80 என்றால் ஆல்கஹால் சுமார் 4 சதவீதத்துக்கு மேல், 60 என்றால் 3 சதவீதத்தை ஒட்டி. அதனால் 60 ஷில்லிங்கைக் குடித்துவிட்டு 'தண்ணியா இருக்கு' என்று மார்க்கைக் குறைப்பது அநியாயம்.