கருங்கால் ஃபெரெட்டுக் குட்டிகள்

விலங்குகளின் இளமைப் பெயர்களைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துரைக்கிறார். மூங்கா என்னும் கீரிக்கும், வெருகுக்கும், எலிக்கும், அணிலுக்கும் குட்டி என்னும் பெயர் உரியது. பறழ் என்றாலும் குற்றமில்லை என்பது அவர் துணிபு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பிராணி அந்தப் பட்டியலில் இல்லை. நம் நாட்டுக் காடுகளிலும் இல்லை. அதற்கு ஃபெரெட் என்று பெயர். நீண்ட மெல்லிய உடலும், குட்டைக் கால்களும், கூரிய மூக்கும் கொண்ட அதனை நம்மவர் கண்டால் கீரிப்பிள்ளை என்றே சொல்வார்கள். ஆனால் அது கீரிக்கு உறவன்று. நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் உருவ ஒற்றுமை கருதி, அதன் இளமையை நானும் குட்டி என்றே குறிப்பிடுகிறேன். தொல்காப்பியர் மறுக்கமாட்டார் என்பது என் நம்பிக்கை.

ஐரோப்பியர் நெடுங்காலமாக வீட்டில் பழக்கி, முயல் வளைகளுக்குள் ஏவி வேட்டையாடிய ஃபெரெட் ஒருவகை. வட அமெரிக்கப் புல்வெளிகளில் தானே வாழும் கருங்கால் ஃபெரெட் மற்றொரு வகை. இரண்டின் குட்டிகளும் ஏறக்குறைய 42 நாள் தாய் வயிற்றில் இருந்து, கண் திறவாமல், பத்துக் கிராம் அளவே எடையுடன் பிறக்கின்றன. கண் திறக்க ஐந்து வாரம் ஆகும்.

வீட்டு ஃபெரெட்டின் குட்டியை எட்டு வாரம் கடந்தபின் பிறர் வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். அதற்குள் அதனை நாள்தோறும் கையிலெடுத்துப் பழக்கவேண்டும். தோல் தடித்த உடன்பிறப்புகளைக் கடித்து விளையாடிய குட்டி, மனிதர் விரலையும் அவ்வாறே கடிக்கும். கடி விளையாட்டன்று என்பதை அது கற்றுக்கொண்ட பிறகே புதிய வீடு அதனை ஏற்கும். கொடுக்கும் இடத்தையும் ஆராய வேண்டும். 1880-களில் முயல்களை ஒழிப்பதற்கென்று நியூஸிலாந்தில் ஃபெரெட்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை முயலோடு நில்லாமல், பறக்கவியலாத கிவி முதலிய பறவைகளையும் கொன்றன. 2002-இல் அந்நாட்டு அரசு அவற்றை விற்பதையும் இனப்பெருக்குவதையும் தடை செய்துவிட்டது.

கருங்கால் ஃபெரெட்டின் செய்தி இதற்கு நேர்மாறானது. அதற்குப் போவதற்கு வீடே இல்லாமற் போயிற்று. அதனுடைய வீடும் உணவும் ஒன்றே. புல்வெளி நாய் என்று அமெரிக்கர் அழைக்கும் பிராணி ஒன்றுண்டு. பெயரில்தான் நாய், பிறப்பில் அது தரையில் வாழும் அணில். ஆயிரக்கணக்கில் கூடி நிலத்தைக் குடைந்து ஊர்போல் வாழ்வது அதன் இயல்பு. கருங்கால் ஃபெரெட் உண்பதில் பத்தில் ஒன்பது பங்கு இந்த அணிலே. குடியிருப்பதும் இதன் வளையிலேயே. மேய்ச்சலுக்குப் போட்டி என்று கருதிய கால்நடைப் பண்ணையாளர்களும் அரசும் புல்வெளி நாய்களை நஞ்சிட்டுக் கொன்றனர். நிலம் உழவுக்குப் போயிற்று. பம்பாயை 1896-இல் நடுங்கவைத்த அதே பிளேக் நோய், சில ஆண்டுகளில் கப்பலேறி அமெரிக்கா சென்று இந்த வளைகளுக்குள்ளும் புகுந்தது. 1851-இலேயே இயற்கை நூலார் ஏட்டில் ஏறிய ஃபெரெட், அடுத்த நூறாண்டுக்குள் காண்பதற்கு அரிதாயிற்று.

1964-இல் தெற்கு டகோடா மாநிலத்தில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. அவற்றுள் ஆறினைப் பிடித்து வளர்க்க முயன்றார்கள். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் நோய் அணுகாதிருக்கப் போட்ட தடுப்பூசியே நான்கினைக் கொன்றுவிட்டது. வீட்டு ஃபெரெட்டுக்குத் தீங்கு செய்யாத மருந்து, காட்டு ஃபெரெட்டுக்கு நஞ்சாயிற்று. வளர்ப்பில் பிறந்த குட்டிகளில் ஒன்றும் தேறவில்லை. 1979-இல் கடைசி விலங்கும் இறந்தது. இனமே அற்றுப்போயிற்று என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

1981 செப்டம்பரில், வயோமிங் மாநிலத்து மீட்டிட்ஸி என்னும் ஊரின் அருகே, ஷெப் என்ற பண்ணை நாய் ஒரு செத்த பிராணியைக் கவ்விவந்து வாயிலில் போட்டது. அது கருங்கால் ஃபெரெட். ஆராய்ச்சியாளர் விரைந்து வந்து தேடினர். 1984-இல் 129 விலங்குகள் கணக்கில் வந்தன. மறு ஆண்டே பிளேக்கும் டிஸ்டெம்பரும் சேர்ந்து அக்கூட்டத்தை அழிக்கத் தொடங்கின. முதலில் பிடித்த ஆறும் டிஸ்டெம்பருக்கே இரையாயின. 1987 தொடக்கத்திற்குள், எஞ்சிய அனைத்தையும் பிடித்துக் கூண்டில் சேர்த்தார்கள். மொத்தம் 18. உலகில் வேறு இல்லை. அந்தப் பதினெட்டிலும் இன்றுவரை வழிவழியாகத் தொடரும் சந்ததியைத் தந்தவை ஏழே என்று கணக்கிடுகிறார்கள்.

அவ்வாண்டே இரண்டு தாய்கள் ஈன்றன. ஏழு குட்டிகள் பிழைத்தன. மனிதருடைய சளிக்காய்ச்சல் ஃபெரெட்டுக்கும் தொற்றும். ஆதலால் வளர்ப்பவர்கள் குளித்து, உடை மாற்றி, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டே கூண்டருகில் சென்றார்கள். ஒரே தீ விபத்தோ ஒரே நோயோ எல்லாவற்றையும் கொண்டுபோகாதபடி, விலங்குகளைப் பிரித்து வேறு மாநில நிலையங்களிலும் வைத்தார்கள். நம் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுபோல ஒவ்வொரு குட்டிக்கும் தாய் தந்தையர் பெயரோடு பதிவு உண்டு. எந்தக் குட்டி இனப்பெருக்கத்திற்கு நிற்பது, எது வெளியே செல்வது என்பதை அந்தப் பதிவேடே முடிவு செய்கிறது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். குட்டிகள் பெருகின, ஆயினும் கூண்டில் பிறந்த குட்டிக்கு வாழத் தெரியுமா? தட்டில் வைத்த இறைச்சியை உண்டு வளர்ந்தது, தன்னளவு எடையுள்ள இரையை இருளில் அதன் வளைக்குள் புகுந்து கொல்லுமா? ஆந்தையைக் கண்டு அஞ்சுமா? இதனை அறிய, இழக்க முடியாத குட்டிகளை வைத்துச் சோதிக்காமல், அவற்றின் உறவினமான சைபீரியப் போல்கேட் என்னும் விலங்கைக் கொண்டு முதலில் சோதித்தார்கள். பஞ்சடைத்த ஆந்தை ஒன்றையும், வளை தோண்டி இரை பிடிக்கும் பேட்ஜர் என்னும் விலங்கின் பாடம் செய்த உடலைச் சக்கரவண்டியில் பொருத்தி வானொலி அலையால் இயக்கிய ஒரு பொம்மையையும் குட்டிகளின் மேல் ஏவி அச்சமூட்டினர். கேட்பதற்கு நகைப்பூட்டும், ஆனால் பாடம் நடத்தத் துணைக்கருவி வேண்டும் என்று எங்கள் பயிற்சிக் கல்லூரியில் வற்புறுத்திய ஆசான்கள் இதனைப் பாராட்டியிருப்பார்கள்.

பொம்மையைவிடப் பெரிய ஆசிரியர் மண்ணே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இப்போது குட்டிகளைத் தாயோடு, திறந்தவெளியில் வேலியிட்ட அடைப்புக்குள் விடுகிறார்கள். அங்கே உண்மையான புல்வெளி நாய் வளைகள் உண்டு; உயிருள்ள இரையும் உண்டு. பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்து மூன்றாம் மாதம்வரை உள்ள காலம் மிகவும் இன்றியமையாதது. அந்நாளில் எந்த இரையின் வாசனையும் சுவையும் குட்டிக்குப் பழகுகின்றனவோ, அதனையே அது வாழ்நாள் முழுதும் நாடும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று நாங்கள் படித்த விதியை இங்கே கொள்ள இயலாது. தெரியாதது எதுவோ அதன் நடுவிலேயே குட்டியை வளர்க்கவேண்டும். அடைப்பில் பழகிய குட்டிகள், கூண்டிலிருந்து நேரே விடப்பட்டவற்றைக் காட்டிலும் மிகுதியாகப் பிழைக்கின்றன என்பது ஆய்ந்து கண்ட உண்மை.

1991-இல் வயோமிங்கின் ஷர்லி சமவெளியில் முதன்முதலாக 49 ஃபெரெட்டுகளை விட்டார்கள். பிளேக் பரவியதால் சில ஆண்டுகளில் அந்தப் பணி நின்றது. 1997-இல் அங்கே கண்ணில் பட்டவை ஐந்தே. அவ்வளவுதான் என்று கைவிட்டவர்களும் உண்டு. அந்த ஐந்து சும்மா இருக்கவில்லை. 2003-இல் 52 காணப்பட்டன. 2006-இல் 223 இருக்கலாம் என மதிப்பிட்டார்கள். பின்னர் 2001-இல் மெக்சிகோவிலும், 2009-இல் கனடாவிலும், முதலில் கண்டெடுத்த மீட்டிட்ஸியிலேயே 2016-இல் 35 விலங்குகளுமாகக் குடியேற்றம் தொடர்ந்தது. இவ்வளவு செய்தும் இன்று காட்டில் வாழ்பவை சில நூறே.

காரணம் குட்டிகளிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது. தெள்ளுப்பூச்சி கடித்துப் பிளேக் பரவினால், புல்வெளி நாய்களின் ஊர் முழுதும் சில வாரங்களில் வெறுமையாகிவிடும். ஆகவே குட்டிக்கு டிஸ்டெம்பருக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி போடுவதோடு நில்லாமல், வளைதோறும் சென்று பூச்சிமருந்துத் தூள் தூவுகிறார்கள். நிலத்துக்குரியவரின் இசைவும் வேண்டும். புல்வெளி நாயைப் பகையாக எண்ணும் பண்ணையாளரை இணங்கச் செய்வது குட்டி வளர்ப்பதைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றொரு குறை, ஏழு முன்னோரின் வழிவந்த இரத்த நெருக்கம். வில்லா என்ற பெண் ஃபெரெட் அப்பதினெட்டைச் சேர்ந்த காலத்தது. அதன் மரபு தொடரவில்லை. 1988-இல் உறையவைத்துக் காத்த அதன் உயிரணுக்களிலிருந்து 2020 டிசம்பர் 10-ஆம் நாள் எலிசபெத் ஆன் என்னும் நகல் குட்டியைப் பிறப்பித்தார்கள். சுமந்து ஈன்ற தாய் ஒரு வீட்டு ஃபெரெட். எலிசபெத் ஆன் குட்டி ஈனவில்லை. பின்னர்ப் பிறந்த அன்டோனியா என்னும் நகல் 2024-இல் மூன்று குட்டிகளை ஈன்றது, இரண்டு பிழைத்தன.

குட்டிகளை விடுவதற்கென்று விழா ஏதுமில்லை. மாலையில் பெட்டியை வளைவாயில் வைத்துக் கதவைத் திறப்பார்கள். உள்ளே சிறிது இறைச்சியும் போடுவார்கள். குட்டி தலையை நீட்டும், சினந்து கீச்சிடும், பின் இருளில் மறையும். அதன் தோலடியில் அரிசிமணி அளவான அடையாளச் சில்லு ஒன்று உண்டு. பின்னர் இரவில் விளக்கொளியைப் பாய்ச்சிக்கொண்டு புல்வெளியில் மெல்ல வண்டி ஓட்டுவார்கள். மரகதம்போல் பச்சையாக இரு கண்கள் மின்னினால் அது ஃபெரெட். அது புகுந்த வளைவாயில் ஒரு வளையத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த முறை தலை நீட்டும்போது வளையம் சில்லின் எண்ணைப் படித்துக்கொள்ளும். எண் இல்லாத குட்டி தென்பட்டால், அது அங்கேயே பிறந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள்.