அணைத்து வைத்த அபாயக் குரல்

நேபாளத்து முக்திநாத்துக்கு யாத்திரை போகும் நம்மூர் பக்தர்களுக்குப் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் வரை விமானத்தில் சுமார் 20 நிமிடம்தான். சாளக்கிராமத்தைச் சேவிக்கப் போகிறவர்கள் ஜன்னல் வழியே அன்னபூர்ணாவையும் தவுளகிரியையும் தேடுவார்கள். இரண்டுமே 8,000 மீட்டருக்கு மேல். விமானம் அவற்றைத் தாண்டிப் பறப்பதில்லை. நடுவே காளி கண்டகி அறுத்த பள்ளத்தாக்குக்குள் புகுந்து போகிறது.

2022 மே 29 காலை அப்படிக் கிளம்பிய ட்வின் ஆட்டர் விமானம், ஏறத்தாழ 14,500 அடி உயரத்தில் மலைச்சரிவில் மோதியது. இந்தியர்கள் 4 பேர் உள்பட 22 பேரும் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. மேகத்துக்குள் சிக்கி விமானம் பாதை விலகியபோது, மலை நெருங்குவதைச் சொல்லும் எச்சரிக்கைக் கருவி அணைக்கப்பட்டிருந்தது.

விமானம் இருக்கும் இடத்தையும் தன் நினைவிலுள்ள மலை வரைபடத்தையும் ஒப்பிட்டு, 'டெரைன், டெரைன்', 'புல் அப்' என்று கத்துவதுதான் அதன் வேலை. இருபுறமும் மலை நெருக்கும் பள்ளத்தாக்கில், சரியான தடத்தில் போனாலும் கத்தும். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளிலும் கத்தும். தினமும் கேட்கிற காது மரத்துப்போகாதா? அதை அடக்க விசையும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

இதே தடத்தில் 2016 பிப்ரவரி 24 அன்று இன்னொரு ட்வின் ஆட்டர் விழுந்து 23 பேர் மாண்டார்கள். அந்த எச்சரிக்கையை விமானிகள் பொருட்படுத்தாததையும் காரணங்களில் ஒன்றாக அப்போதைய விசாரணை சேர்த்தது. அன்று குரல் இருந்தும் பயனில்லை. 6 ஆண்டு கழித்துக் குரலே இல்லை.

கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய பாதையில் மேகத்துக்குள் நுழைந்ததே தவறு என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் இமயத்து மேகம் சொல்லிவிட்டு வருவதில்லை. உள்ளே மாட்டிக்கொள்ளும் அந்த ஓரிரு நிமிடத்துக்காகத்தானே கருவியே இருக்கிறது! விமானியின் தவறு என்று கோப்பை மூடினால், அடுத்தவரின் கையும் அதே விசைக்குத்தான் போகும்.

சரியான தடத்தில் போகும்போது வாய்மூடி, விலகினால் மட்டும் அலறும்படி இந்தப் பள்ளத்தாக்குக்கென்றே அதைச் சீரமைக்க வேண்டும். அதுவரை, வானம் தெளியாத காலையில் விமானம் தரையிலேயே நிற்கட்டும். யாத்திரை ஏற்பாட்டாளர்கள் பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கட்டும். பெனி என்ற ஊர் வழியாக ஜீப் போகும் சாலையும் இருக்கிறது.