நகரசபைத் தேர்தலும் நம் வட்டாரத்தின் பிழைப்பும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள தமிழ் மக்கள் அரசியல் பேசுவதில் யாருக்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். மாலையில் சங்கக் கட்டடத்தில் நான்கு பேர் கூடிவிட்டால், சென்னைச் சட்டமன்றத்துச் செய்திகளும் தில்லிப் பாராளுமன்றத்து விவாதங்களும் அலசி ஆராயப்படும். ஆனால், நம் தெருவின் குப்பையை அள்ளுவதும், வாரச் சந்தைக்கு இடம் ஒதுக்குவதும், கடைக்கு உரிமம் வழங்குவதும் எந்தச் சபை, அதில் நம் வட்டாரத்தின் அங்கத்தினர் யார் என்று வினவினால், பலரிடமிருந்து விடை வருவதில்லை. அடுப்பங்கரைக்கு மிக அருகில் உள்ள ஆட்சியே நம் கவனத்திற்கு மிகத் தொலைவில் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி மாநகராட்சியின் 250 வட்டங்களுக்கும் தேர்தல் நடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், நம் பகுதியில் இட்டிலி மாவு அரைத்து விற்கும் அம்மையார் ஒருவர் கையில் ஒரு தாளுடன் வந்தார். “அண்ணா, நானும் சுயேச்சையாக நிற்கப் போகிறேன். இதை இந்தியில் எழுதித் தரவேண்டும்” என்றார். தாளில் எட்டு வாக்குறுதிகள் இருந்தன. அனைவருக்கும் வேலை, ஒரு தொழிற்சாலை, குடிசைகளுக்குப் பட்டா, போலீசார் தொல்லையிலிருந்து விடுதலை ஆகியவை அவற்றுள் சில.

மத்திய அரசின் ஊழியர் எவரும் தேர்தலில் நிற்கவோ, ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகப் பணிபுரியவோ 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இடந்தருவதில்லை. ஆகவே, மொழிபெயர்த்துத் தர இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்தோம். ஆனால், சட்டம் சொல்வதை எடுத்துரைக்க யாருக்கும் தடையில்லை. “அம்மா, இந்த எட்டில் நகரசபை அங்கத்தினரின் கைக்கு எட்டுபவை எத்தனை?” என்று மட்டும் கேட்டோம். அன்று அவருக்குச் சொன்னதையே விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

நகரசபை சிறிய அமைப்பு என்று எண்ணுவது வரலாற்றை மறப்பதாகும். இராஜாஜி சேலத்திலும், சர்தார் பட்டேல் அகமதாபாத்திலும் நகரசபைத் தலைமையில்தான் நிருவாகத்தைப் பயின்றனர். சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920-இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்குவதென்பது அத்தீர்மானம். பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவிய பகல் உணவின் விதை அந்த ஒரு அணாவில் இருந்தது. தன் அதிகாரத்திற்கு உட்பட்ட பள்ளி, தன் கருவூலத்தால் தாங்கக்கூடிய செலவு, அளந்து பார்க்கக்கூடிய பயன் ஆகிய மூன்றும் அத்தீர்மானத்தில் பொருந்தியிருந்தன.

இன்றைய சட்டநிலை யாது? 1993 ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு உறுதியான இடத்தை அளித்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் ஆகியவை அதனால் வந்தவை. 21 வயது நிரம்பியவர் வேட்பாளராகலாம். நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது. பொருளாதார, சமூக அபிவிருத்திக்குத் திட்டமிடுதல், குடிசைப் பகுதிகளைச் சீர்ப்படுத்துதல், நகர்ப்புற வறுமையைத் தணித்தல் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ஆகவே, வட்டார மக்களின் பொருளாதார முன்னேற்றமே எமது கொள்கை என்று ஒருவர் நகரசபைக்கு நிற்பாராயின், அவர் அயலார் வேலையில் தலையிடுகிறார் எனக் கூற முடியாது.

ஆனால், அட்டவணையில் இருப்பவையெல்லாம் சபையின் கையில் இருப்பதில்லை. எவற்றை உண்மையில் ஒப்படைப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது. தில்லியில் காவல்துறை மத்திய அரசைச் சார்ந்தது. நிலத்தின் பெரும்பகுதி தில்லி வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அம்மையாரின் தாளில் இருந்த பட்டாவும் போலீசும் இவ்வாறு கழிந்தன. தேர்தலும் எங்கும் காலத்தில் நடந்துவிடுவதில்லை. பெங்களூரு மாநகராட்சியின் பதவிக்காலம் 2020-இலும் மும்பையினுடையது 2022-இலும் முடிந்தபின், ஆண்டுக்கணக்கில் அந்நகரங்களை அதிகாரிகளே நிருவகித்தனர்.

அங்ஙனமாயின், மக்களின் வருவாய் பெருக ஓர் அங்கத்தினர் செய்யக்கூடியது என்ன? இரண்டு மாநிலங்களின் அனுபவம் வழிகாட்டுகிறது.

புனே நகரில் காகிதமும் தகரமும் பொறுக்கிப் பிழைத்த பெண்கள் 1993-இல் ஒரு தொழிற்சங்கமாகத் திரண்டனர். அவர்களிடமிருந்து ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு பிறந்தது. வீடுதோறும் சென்று குப்பை சேகரிக்கும் பணிக்காக 2008-இல் மாநகராட்சி அக்கூட்டுறவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. வீட்டார் மாதந்தோறும் சிறு கட்டணம் செலுத்துவர். பிரித்தெடுத்து விற்கும் பொருளின் வருவாயும் அப்பெண்களுக்கே சேரும். மாநகராட்சி புதிய தொழிற்சாலை எதையும் கட்டவில்லை. எப்படியும் நடந்தாக வேண்டிய ஒரு பணியை, ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கொடுப்பதற்குப் பதிலாக, அதனை ஏற்கெனவே செய்து வந்த ஏழைகளிடம் முறையாக ஒப்படைத்தது.

கேரளத்தில் 1998-இல் தொடங்கிய ‘குடும்பஸ்ரீ’ மற்றொரு வழியைக் காட்டுகிறது. பெண்கள் அயற்கூட்டங்களாகச் சேர்ந்து சிறுகச் சேமிக்கின்றனர். அயற்கூட்டங்கள் வட்ட அளவில் ஒரு சங்கமாகவும், நகராட்சி அளவில் மற்றொரு சங்கமாகவும் இணைகின்றன. வட்ட அளவில் சங்கம் இருப்பதால், அங்கத்தினருக்குத் தம் வட்டத்தின் தேவை தெரிகிறது. பெண்களுக்குச் சபையின் கதவு எங்கே இருக்கிறதென்பது தெரிகிறது. இச்சங்கங்களில் பழகிய பெண்கள் பலர் பின்னர் உள்ளாட்சித் தேர்தல்களில் நின்று வென்றிருக்கின்றனர்.

தில்லிக்கும் இது முற்றிலும் புதிதன்று. கிராமங்களுக்கென 1952-இல் தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டத்தின் சாயலில், 1958-இல் தில்லி மாநகராட்சி ஒரு முன்னோடித் திட்டத்தை மேற்கொண்டு, ‘விகாஸ் மண்டல்’ என்ற குடிமக்கள் மன்றங்களை அமைத்தது.

தெருவோரம் விற்போருக்கு 2014-ஆம் ஆண்டின் சட்டம் ஒரு காப்பு. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் விற்பனையாளரைக் கணக்கெடுத்தாக வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் அகற்றலாகாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் விற்பனையாளரே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் இருக்கவேண்டும். 2020-இல் வந்த ‘ஸ்வநிதி’ கடன் திட்டத்தில் ஈடின்றி வழங்கப்பட்ட முதற்கடன் 10,000 ரூபாய். 2025-இல் அது 15,000 ஆக உயர்த்தப்பட்டது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதத்தைக்கொண்டு விண்ணப்பிக்க அத்திட்டம் இடமளித்தது. அக்கடிதத்தை யாருக்குப் பெற்றுத் தருவது, கணக்கெடுப்பு ஏன் முடியவில்லை என்று சபையில் யார் கேட்பது? இவையே அங்கத்தினரின் வேலை.

பிழைப்புக்கும் இருப்பிடத்துக்கும் உள்ள தொடர்பை நம்மவர் அண்மையில் கண்ணாரக் கண்டனர். தில்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயை ஒட்டியிருந்த மதராசி முகாம், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் அகற்றப்பட்டது. சுமார் 370 குடிசைகள் இருந்த அவ்விடத்தில், தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்து வாழ்ந்த பெண்ணுக்கு நரேலாவில் கூரை கிடைக்கலாம். விடியற்காலையில் நடந்து சென்று செய்த வேலை அங்கே கூடவருமோ? இடிக்க ஆணை வந்தபின் ஓர் அங்கத்தினரால் தடுக்க இயலுவது சிறிதே. யார் எங்கே வேலை செய்கிறார், எந்த ஆவணம் வைத்திருக்கிறார் என்ற பட்டியலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே திரட்டி வைப்பது அவரால் இயலும்.

வெளிமாநிலத் தமிழர் தேர்தலில் இறங்குமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம். சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு இங்கே வேட்பாளராக எண்ணுவது பயனற்றது. ஒதுக்கப்பட்ட இடங்களில் நிற்க விரும்புவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பட்டியல் சாதிகளின் அட்டவணை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். குடிபெயர்ந்தவருக்கு அவ்வுரிமை புதிய மாநிலத்திலும் தானே தொடர்வதில்லை என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பெற்ற சான்றை நம்பி மனுச் செய்து, பரிசீலனை நாளில் ஏமாறலாகாது.

மற்றொன்று, வாக்குக் கேட்கும் முறை. ஒரு வட்டத்தில் நம்மவர் தொகை பெரும்பாலும் சிறிது. ‘தமிழருக்குத் தமிழர்’ என்று நின்றால் தோல்வியோடு பகையும் மிஞ்சும். மாவு விற்பவரின் கவலையும், அடுத்த கோடியில் சோளே-குல்சா விற்பவரின் கவலையும், துணி இஸ்திரி போடுபவரின் கவலையும் ஒன்றே. நிற்க இடம், எரிய விளக்கு, வட்டிக்காரனிடம் சிக்காத கடன் ஆகிய மூன்றையும் எம்மொழியில் சொன்னாலும் எல்லோருக்கும் விளங்கும்.

அம்மையாரின் எட்டு வாக்குறுதிகள் இறுதியில் மூன்றாயின: விற்பனையாளர் கணக்கெடுப்பு, வாரச் சந்தைக்கு விளக்கும் கழிப்பிடமும், பெண்களுக்கு ஒரு சேமிப்புச் சங்கம். இந்தியில் எழுதித் தந்தவள் கல்லூரியில் படிக்கும் அவர் மகள். தேர்தலில் அவர் வெற்றி பெறவில்லை, வைப்புத்தொகையும் போயிற்று. ஆனால், வாக்குக் கேட்டு வீடுவீடாகச் சென்றபோது அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார் என்ன தொழில் செய்கிறார், எவ்வளவு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார் என்று குறித்து வந்தார். வென்ற அங்கத்தினரின் அலுவலகத்திற்கு அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு மும்முறை சென்றார். மூன்றாவது முறை அவரை உட்காரச் சொன்னார்கள். சந்தையில் இப்பொழுது இரண்டு விளக்குகள் எரிகின்றன. கழிப்பிடம் இன்னும் வரவில்லை. பெண்கள் பதினோரு பேர் மாதந்தோறும் அவர் வீட்டுத் திண்ணையில் கூடிச் சேமிக்கின்றனர்.

நம் வட்டத்தின் அங்கத்தினர் பெயரை இன்று மாலையே விசாரித்து அறிந்துகொள்வோமாக. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், தருவதாகச் சொல்லும் பொருள் தம் சபையின் அதிகாரத்தில் உள்ளதா, அதற்குப் பணம் எங்கிருந்து வரும், நிறைவேறியதை நாம் எதைக்கொண்டு அறிவது என்று அமைதியாகக் கேட்போம். நாமே நிற்பதாயின், அக்கேள்விகளை முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.