மாணவர் விடை திரையில் மறையாமல் இருக்க: மொஜோலிஷியஸ் வார்ப்புரு அமைப்பு



படிவம் 5 மாணவர்கள் இணையம்வழி அனுப்பும் விடைகளை ஆசிரியர் ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெர்ல் மொழியின் மொஜோலிஷியஸ் சட்டகத்தில் இதைச் செய்வது எளிது. பக்கத்தின் வடிவம் ஒரு வார்ப்புருக் கோப்பில் இருக்கும். பெயரையும் விடையையும் நிரல் நிரப்பும். பெயருக்கு இடம் விட்டு அச்சடித்த நற்சான்றிதழ் மாதிரிதான்.

1. கோப்பை எங்கே வைப்பது?
நிரலுக்குப் பக்கத்தில் 'டெம்ப்ளேட்ஸ்' என்ற கோப்புறையில் வையுங்கள். கோப்பின் பெயருக்கு மூன்று பகுதிகள்: பக்கத்தின் பெயர், எச்.டி.எம்.எல்., இ.பி. இவற்றுக்கு இடையில் புள்ளி வரும். வேறு கோப்புறையும் வேண்டுமென்றால், ரெண்டரரின் 'பாத்ஸ்' பட்டியலில் அதைச் சேர்க்கலாம். விண்டோஸில் ஓடிய பக்கம் லினக்ஸ் சர்வரில் கிடைக்கவில்லையா? பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. தமிழ் எழுத்து சரியாகத் தெரிய
மொஜோலிஷியஸ் வார்ப்புருவை யு.டி.எஃப்-8 ஆகவே படிக்கும். கோப்பையும் அப்படியே சேமித்தால் போதும்.

3. ஒரு '=' குறியா, இரண்டா?
இதுதான் முக்கியம். விடை வர வேண்டிய இடத்தில் <%= %> போட்டால், மாணவர் எழுதிய '<' குறி எழுத்தாகவே திரையில் தெரியும். <%== %> போட்டால், உலாவி அதை எச்.டி.எம்.எல். கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

அதனால் என்ன ஆகும்? இயற்கணித விடையில் '<' குறியை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்து வந்தால், அதற்குப் பின்னுள்ள பகுதி மறைந்துபோகலாம். மாணவர் சரியாக எழுதியும் புள்ளி இழப்பார். இன்னொரு ஆபத்தும் உண்டு. யாராவது விளையாட்டாக ஜாவாஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினால், அது ஆசிரியரின் உலாவியில் ஓடும். புள்ளி பதிவதும் அதே உலாவியில்தானே?

ஆகவே, பிறர் எழுதி அனுப்பும் எதற்கும் ஒரு '=' மட்டும்தான். இரண்டு '=' நீங்களே தயாரித்த எச்.டி.எம்.எல். பகுதிக்கு மட்டும்.

சோதித்துப் பாருங்கள்: தடித்த எழுத்துக்கான எச்.டி.எம்.எல். குறிகளுக்கு நடுவே ஒரு சொல்லை எழுதி, விடையாக அனுப்புங்கள். குறிகள் அப்படியே தெரிந்தால் சரி. சொல் தடித்து வந்தால், வார்ப்புருவைத் திறந்து '=' குறியை எண்ணுங்கள்.