நாட்குறிப்பும் தறியும்: எதெல் மேரேயின் ஆவணங்களும் கண்டிக் கைவினைஞரும்

கலைஞர் ஒருவர் விட்டுச்சென்ற தாள்களை அவரது தனிமனித ஆற்றலின் சான்றுகளாக மட்டும் நோக்குவது நம்மிடையே வேரூன்றிய பழக்கமாகும். அத்தாள்களில் எவரெவருடைய உழைப்புப் படிந்துள்ளது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கண்டிப் பிரதேசத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஓர் ஆவணத் தொகுதியை முன்வைத்து அவ்வினாவை இங்கு எழுப்ப முனைகின்றோம்.

நெசவுக் கலைஞரும் ஆசிரியருமான எதெல் மேரே (1872–1952), ஆனந்த குமாரசுவாமியின் முதல் மனைவியாக 1903இல் இலங்கைக்கு வந்தவர். கணவர் கனிப்பொருள் அளவைப் பணியில் ஈடுபட்டிருந்த ஆண்டுகளில், அவரோடு கண்டிக் கிராமங்களுக்குச் சென்று கைவினைகளைக் கண்டறிந்தார், குறிப்புகள் எழுதினார், ஒளிப்படங்கள் எடுத்தார். பின்னர் இந்தியாவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் பயணம் செய்தார். அவருடைய நாட்குறிப்புகள், ஒளிப்படங்கள், துணி மாதிரிகள் ஆகியன இன்று இங்கிலாந்தின் பார்ன்ஹம் நகரிலுள்ள கைவினை ஆய்வு மையத்தில் பேணப்படுகின்றன.

இக்களப்பணியின் பெறுபேறே 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலாகும். சோசலிசவாதியான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில் 425 பிரதிகளே அது அச்சிடப்பட்டது. நூலின் ஆசிரியர் குமாரசுவாமி. அதற்கான ஒளிப்படங்களை எடுத்தவர் எதெல். எனினும் இவ்விருவருக்கும் அறிவு வழங்கிய மூன்றாந் தரப்பினரான கைவினைஞரை நாம் மறத்தலாகாது.

அவர்தம் வாழ்நிலை யாது? கண்டி இராச்சியத்தில் கைவினைஞர் நிலத்தை அனுபவித்ததற்கு ஈடாக அரசனுக்கும் விகாரை, தேவாலயங்களுக்கும் சேவை செய்தனர். அரசனுக்குரிய இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களில் சேவைக் கடமை நீடித்தது. சாதியமைப்போ இரண்டையும் கடந்து நிலைத்தது. நெசவு பறையறையும் பெரவா சாதியினரின் தொழிலாகவும், தும்பறைப் பாய் முடைதல் கின்னர சாதியினரின் தொழிலாகவும் விதிக்கப்பட்டிருந்தன. தாழ்ந்தோரென ஒதுக்கப்பட்டவரின் கைகளே உயர்ந்தோரின் இல்லங்களை அழகு செய்தன. இம்முரண்பாட்டைக் கணக்கில் எடுக்காது பழைய சமுதாயத்தின் இசைவைப் போற்றுவது வரலாற்றுக் குறைபார்வையாகும். இயந்திரத் துணியின் இறக்குமதி கைத்தறியை நலிவித்தது உண்மையே. ஆயின் நலிவுக்குக் காரணம் இயந்திரமா, அதனை உடைமையாகக் கொண்ட காலனித்துவ மூலதனமா என்பதே தெளிவுபடுத்த வேண்டிய வினாவாகும்.

இவ்விடயத்தில் எதெலின் பிற்கால வளர்ச்சி கூர்ந்து நோக்கத்தக்கது. இங்கிலாந்து திரும்பியபின் தாமே நூற்கவும் நெய்யவும் கற்று, 1916இல் தாவரச் சாயங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். டிச்லிங் என்னும் ஊரில் அவர் நிறுவிய தறிக்கூடத்தில் இளைஞர் பலர் பயின்றனர். பிறைட்டன் கலைக் கல்லூரியிலும் கற்பித்தார். 1942இல் நெசவும் கல்வியும் குறித்து எழுதினார். இயந்திரத்தை வெறுத்தொதுக்காது, கைத்தறி ஆலைத் தொழிலுக்கு வடிவமைப்புச் சோதனைக் களமாக அமையலாம் என்ற நிலைப்பாட்டை வந்தடைந்தார். கைத்தொழில் வடிவமைப்பாளருக்குரிய அரச விருதினை இங்கிலாந்தில் பெற்ற முதற் பெண்மணியும் அவரேயாவார். பழமை வேட்கையில் தொடங்கிய பயணம் நடைமுறையின் வாயிலாகத் தன்னைத் திருத்திக்கொண்டமைக்கு இது சான்றாகும்.

ஆயினும் ஓர் ஏற்றத்தாழ்வு எஞ்சியே நிற்கின்றது. கண்டியில் கண்ட அறிவு குறிப்பாயிற்று. குறிப்பு நூலாயிற்று, பாடமாயிற்று, ஆவணமுமாயிற்று. ஒவ்வொரு படியிலும் எழுதியவரின் பெயர் நிலைபெற்றது. உடதும்பறையின் தலகுனையில் தறியமர்ந்தவரும், ஹேனவலையில் நாரைப் பதங்கிக் கட்டையின் செந்நிறத்தில் தோய்த்தவரும் ஆசிரியர்களே; தம் பிள்ளைகளுக்குக் கைவழி கற்பித்தவர்களே. அவர்களுக்கு நாட்குறிப்பு இல்லை. ஆகவே ஆவணக் காப்பகமும் இல்லை.

எதெலின் தாள்களை இதனாற் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மாறாக, அவற்றிலுள்ள ஒவ்வொரு ஒளிப்படத்தையும், ‘இதனைச் செய்தவர் யார், எந்நிலத்தில், எவருக்காக?’ என்ற வினாவோடு வாசித்தல் வேண்டும். அக்கிராமங்கள் பேராதனையிலிருந்து தொலைவில் இல்லை. காப்பகத்திலுள்ள படங்களின் பிரதிகளை அங்கு கொண்டுசென்று, தறியின் உறுப்புகளுக்கும் சாயங்களுக்கும் அம்மக்கள் வழங்கும் பெயர்களை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்வது நம் ஆய்வாளர்களால் இயலக்கூடிய பணியே. அப்பதிவு சேரும்போதுதான் அத்தாள்கள் முழுமைபெற்ற சமூக ஆவணமாகும்.