கோட்டம் சக்கரத்திலா, ஃபோர்க்கிலா?

முன் டயரில் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டதால் புது டயர் போடக் கொடுத்தேன். மறுநாள் எடுத்து ஓட்டினால் சர்க் சர்க்கென்று மட்கார்டில் உரசுகிறது. அதற்கு முன் உரசியதே இல்லை. டயர் போட்டவர் ஏதோ சொதப்பிவிட்டார் என்று முடிவுகட்டி, வேறொரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

அந்தக் கடைக்காரர் வயதானவர். சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டார். உரசும் இடத்தைப் பார்ப்பார் என்று நினைத்தால், ஹேண்டிலைப் பார்த்தார்.

"தம்பி, நேரா போறப்ப ஹேண்டில் கோணலா நிக்குமா?"

"லேசா வலது பக்கம் திரும்பின மாதிரி இருக்கும்ணே. பழகிடுச்சு."

"வண்டி எங்கயாவது முட்டுச்சா?"

"இல்லையே" என்றேன். பொய்யில்லை, மறதி.

கீழே விழுந்து எழுந்த சைக்கிளில் பெரும்பாலும் முதலில் கோணுவது ஹேண்டில்தான். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகி நேராக்குவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தை. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஃபோர்க்கின் ஒரு கால் வளைந்து சக்கரம் திசை மாறியிருந்தாலும், அதே வித்தையால் ஹேண்டிலை நேராக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரிந்த ஒரே அடையாளமும் அதோடு போய்விடும்.

சக்கரம் ஃபோர்க்குக்கு நடுவில் இல்லை என்று தெரிந்ததும் கம்பிகளை முடுக்கும் நிப்பிள் கீயைத் தேடுகிறவர்கள் அதிகம். முதலில் எடுக்க வேண்டியது ஸ்பேனர். அவசரத்தில் மாட்டும்போது ஆக்ஸிலின் ஒரு முனை ஃபோர்க் கால் நுனியிலுள்ள காடிக்குள் முழுதாக இறங்காமல் நின்றுவிடும். ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே அடிப்பக்கத்தில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்; ஆக்ஸிலிலிருந்து டயரின் உச்சிக்கு 35 சென்டிமீட்டர். கீழே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மேலே மூன்றரை மில்லிமீட்டர் சாய்ந்துவிடும். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, நட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டிலை ஓர் அழுத்து அழுத்தி மறுபடி முடுக்கினால் பல வண்டிகள் அதிலேயே சரியாகும். அப்படியே டயரைப் பிடித்து இடவலமாக ஆட்டியும் பார்த்துவிடலாம். டொக் டொக்கென்று ஆடினால் ஹப்பின் கோன் தளர்ந்திருக்கிறது.

அடுத்து, கோட்டம். ஃபோர்க்கின் காலோடு சேர்த்து ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்து, சுழலும் ரிம்முக்கு மெல்ல நெருக்கிக்கொண்டு போக வேண்டும். ரிம்மில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை விழுந்தால் அந்த இடம் ஒதுங்கியிருக்கிறது. அங்கே ஒதுங்கிய பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முடுக்கிக் கோட்டம் எடுப்பார்கள். ஆனால் சுற்று முழுக்க ஒரே சீராக வெள்ளை விழுந்து, சக்கரம் மட்டும் ஒரு காலோடு ஒட்டியே ஓடினால் அது கோட்டம் இல்லை. ரிம் ஹப்புக்கு நடுவில் இல்லை, அல்லது ஃபோர்க் நேராக இல்லை.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு காசும் செலவில்லை. சக்கரத்தைக் கழற்றி, இடது முனை வலதுக்கு வரும்படி திருப்பி மாட்டிப் பார்த்தால் போதும். முன்பு வலது காலை ஒட்டி ஓடியது இப்போது அதே அளவுக்கு இடது காலை ஒட்டி ஓடினால் குற்றம் சக்கரத்தில். திருப்பி மாட்டியும் வலது காலையே ஒட்டினால் குற்றம் ஃபோர்க்கில். பிரேக் ரிம்மைப் பிடிக்கும் வண்டிகளுக்கெல்லாம் இது பொருந்தும். டிஸ்க் பிரேக் வண்டியில் தட்டு இடிக்கும் என்பதால் எளிதில் நடக்காது.

என் வண்டியில் பெரியவர் இதைத்தான் செய்தார். திருப்பி மாட்டினார்; சக்கரம் அச்சாக நடுவில் நின்றது, உரசல் இல்லை. "சரியாயிடுச்சேண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி கழற்றிப் பழையபடி மாட்டினார். வலது பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றது. ஒரு பக்கம் மாட்டினால் நடு, மறுபக்கம் மாட்டினால் ஒரு சென்டிமீட்டர். குற்றம் இரண்டிலும் இருக்கிறது, ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கிறது. ஃபோர்க் சக்கரத்தை அரை சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ள, அதைச் சரிக்கட்ட யாரோ கம்பிகளை முடுக்கி ரிம்மை அரை சென்டிமீட்டர் இடப்பக்கம் இழுத்து வைத்திருக்கிறார்கள். டயர் போட்டவர் செய்ததெல்லாம், சக்கரத்தைத் தெரியாமல் மாற்றி மாட்டியதுதான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின மழைக்காலத்தில், நின்றுகொண்டிருந்த ஓர் ஆட்டோவின் பின்பக்கம் போய் இடித்திருந்தேன். ரிம் எட்டு போல நெளிந்து, அன்றைக்கே ஒரு கடையில் கோட்டம் எடுத்தேன். ஃபோர்க்கை யாரும் பார்க்கவில்லை. இடது கால் மூன்று மில்லிமீட்டர் பின்னுக்குப் போயிருந்தது.

என் ஃபோர்க்கில் ஒரு கால்தான் பின்னுக்குப் போயிருந்தது. நேருக்கு நேர் இடித்தால் இரண்டு கால்களும் சேர்ந்தே பின்னுக்கு மடங்கும். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் சக்கரம் நடுவில்தான் நிற்கும். ஹேண்டில் தண்டின் சாய்வைத் தரை வரை மனதுக்குள் நீட்டிப் பாருங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். வழக்கமான சைக்கிள்களில் 5, 6 சென்டிமீட்டர் இருக்கும். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் குட்டிச் சக்கரம் தள்ளுகிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இதே ஏற்பாட்டால்தான். ஃபோர்க்கின் கால் கீழே முன்னோக்கி வளைந்திருப்பது இந்த அளவைக் குறைத்து வைக்க. கால் பின்னுக்குப் போனால் டிரெயில் கூடிவிடும்.

கூடினால் என்ன ஆகும்? பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ், யாராலும் ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்தே தீருவது என்று மெனக்கெட்டு, அந்தக் கதையை 1970-இல் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் எழுதினார். அவர் செய்தவற்றில் ஒன்று, ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பிய சைக்கிள். ஆள் இல்லாமல் தள்ளிவிட்டபோதும் அது விழாமல் பிடிவாதமாக ஓடியது. (டிரெயில் ஒன்றே சைக்கிளை நிற்க வைப்பதில்லை என்று 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வேறொரு குழு செய்து காட்டியது தனிக்கதை.) ஆகவே ஃபோர்க் பின்னுக்கு மடங்கிய வண்டி ஆடும், அலையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நேராக நன்றாகவே போகும். திருப்பும்போது ஹேண்டில் கனக்கும். திருப்பிக்கொண்டே மிதிக்கும்போது கால் பெருவிரல் முன் மட்கார்டில் இடிக்கலாம்.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் பழைய கறுப்பு சைக்கிள்களில் ஹெட் குழாயும் ஃபோர்க் காலின் மேல்பாதியும் ஒரே கோட்டில் வர வேண்டும். கோடு ஒடிந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது. வளைவே இல்லாத நேர்க்கால் ஃபோர்க்கில் தோளிலேயே சாய்வு வைத்துவிடுவதால் இந்தக் கண்கணக்கு ஏமாற்றும். ஹெட் குழாய்க்குச் சற்றுப் பின்னால், பாருக்கும் அதற்குக் கீழுள்ள சாய்வுக் குழாய்க்கும் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ சிறு புடைப்பு தட்டுப்பட்டால் ஃபிரேமும் வாங்கியிருக்கிறது. அந்த வண்டியில் ஏறக் கூடாது. முன்பக்கத்தைத் தூக்கி ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது ஒரு கோணத்தில் இறுகி மறுகோணத்தில் தளர்ந்தால் உள்ளே தண்டு வளைந்திருக்கலாம். நேர் நிலையில் மட்டும் காடி விழுந்த மாதிரி நின்று நின்று திரும்பினால் அது ஹெட் குழாயின் பேரிங் கப்பில் விழுந்த பள்ளம், ஃபோர்க் மேல் பழி போட வேண்டாம்.

இரும்பு ஃபோர்க்கை நெம்பி நேராக்க முடியும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால். அலுமினியத்தை நெம்பினால் விரிசல் விடும். கார்பன் வளையவே வளையாது, உடையத்தான் செய்யும். பலமாக இடித்த கார்பன் ஃபோர்க்கை மாற்றிவிடுவதே உத்தமம். காடியை அரத்தால் ராவிச் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவரும் பழக்கமும் இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. அதுவும் ஒரு பிசகை இன்னொன்றால் மூடுவதுதான்.

பெரியவர் என் ஃபோர்க்கைக் கழற்றி, ஒரு நீள இரும்புக் குழாயைக் காலில் செருகி, இரண்டு முறை மெல்ல நெம்பினார். ஐந்து நிமிட வேலை. மீதி அரை மணி நேரமும், போன வருஷம் முடுக்கிய 32 கம்பிகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் போனது.